எலிக்காய்ச்சல்: ஐ.சி.யூ. கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது?

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழையில் யாழ்ப்பாணத்தின் வயல்களும் ஒழுங்கைகளும் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. தண்ணீர் வடியத் தொடங்கியதும் வடமராட்சிப் பக்கமிருந்து, கரவெட்டி, பருத்தித்துறை என்று, அடுத்தடுத்து மரணச் செய்திகள் வந்தன. நல்ல உடல்பலத்தோடு நடமாடியவர்களுக்குக் காய்ச்சல் வந்தது, இரண்டொரு நாளில் மூச்சு முட்டியது, அதோடு முடிந்தது. டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் குறைந்தது ஏழு பேர் போய்விட்டார்கள். இது என்ன காய்ச்சல் என்று முதலில் யாராலும் பெயர் சொல்ல முடியவில்லை. ரத்த மாதிரிகளைச் சோதித்த பிறகே எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

பெயர் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. எலிக்காய்ச்சல் முற்றினால் கண் மஞ்சளாகும், சிறுநீரகம் கெடும் என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். 1886-ல் ஹைடல்பெர்கில் அடோல்ஃப் வைல் என்ற மருத்துவர் எழுதிவைத்த சித்திரம் அது. அதனால் இந்த நோயின் கடுமையான வடிவத்துக்கு இன்றும் 'வைல் நோய்' என்று பெயர். ஆனால் இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. காமாலை தலைகாட்டும் முன்பே அது நுரையீரலில் ரத்தத்தை நிரப்பிவிடும். வடக்கு அந்தமானின் திக்லிபூர் பகுதியில் 1988-லிருந்து இப்படிப் பலர் ரத்தம் துப்பி இறந்தபோது, காரணம் தெரியாமல் அதை 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அழைத்தார்கள். அதுவும் எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியாகச் சில ஆண்டுகள் பிடித்தன. 1995-ல் நிகரகுவா நாட்டின் அச்சுவாப்பா என்ற ஊரிலும் அப்படியே. டெங்குவாக இருக்குமோ என்று தேடிப்போய், கடைசியில் இந்தக் கிருமியில் வந்து நின்றார்கள்.

இப்படி ஒருவர் ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோகப்பட்ட பிறகு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வீட்டாரை நினைத்தே இதை எழுதுகிறேன். உள்ளே என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் அரைகுறையாகவே சொல்லப்படுகிறது. கையெழுத்துக் கேட்டுவரும் காகிதத்தில் 'டயாலிசிஸ்' என்றோ 'வென்டிலேட்டர்' என்றோ இருந்தால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் கையெழுத்துப் போட ஒரு பகல் முழுக்கத் தயங்குகிறார்கள். இந்த நோயில் அந்த ஒரு பகல் மிகப் பெரியது.

முதலில் கிருமி. லெப்டோஸ்பைரா என்பது நூலினும் மெல்லிய, திருகிய பாக்டீரியா. நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். கேள்விக்குறி மாதிரித் தெரிந்ததால், மனிதரை அதிகம் தாக்கும் இனத்துக்கு 'இன்டெரோகன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். எலியின் சிறுநீரகக் குழாய்களில் இது குடியிருக்கும், எலிக்கு ஒன்றும் ஆகாது. எலி சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் வெளியே வந்து, ஈர மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். மாடு, பன்றி, நாய் வழியாகவும் வரலாம். நம் உடம்புக்குள் நுழைய அதற்குப் பெரிய காயம் தேவையில்லை. சேற்றுப்புண் போதும், காலில் முள் கீறிய கோடு போதும், நெடுநேரம் தண்ணீரில் ஊறிய தோலே போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும்.

நுழைந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். திடீரென்று குளிர்காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. இந்த வலியில் கெண்டைக்கால் சதையைத் தனியே கவனிக்க வேண்டும், கை வைத்தாலே அலறுமளவுக்கு வலிக்கும். கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை இருக்காது. பெரும்பாலானோருக்கு இது இத்தோடு அடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் டாக்சிசைக்ளின் மாத்திரையே போதும். ஆனால் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு நோய் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேரை இது பிடிக்கிறது, ஏறத்தாழ 59,000 பேர் சாகிறார்கள் என்று 2015-ல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. இறப்பவர்கள் ஏறக்குறைய அனைவரும் இந்த இரண்டாம் கட்டத்துக்குப் போனவர்கள்.

அங்கே நடப்பதை ஒரே சொல்லில் சொல்வதென்றால், கசிவு. உடம்பிலுள்ள மிகச் சிறிய ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கிருமியும், அதை எதிர்த்து நம் உடம்பு கிளப்பும் அழற்சியும் சேர்ந்து தளர்த்திவிடுகின்றன. சுவர் இடிந்து விழுவதில்லை, செங்கற்களுக்கு நடுவிலுள்ள சாந்து உதிர்கிறது. உறுப்புக்கு உறுப்பு இதன் விளைவு வேறாகத் தெரியும்.

கல்லீரலில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு விட்டுப்போவதால் பித்தம் ரத்தத்தில் கலக்கிறது. மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபின் 20, 30 என்று ஏறும். காகிதத்தில் அந்த எண்ணைப் பார்த்தவர்கள் கல்லீரல் போய்விட்டது என்று பதறுவார்கள். ஆனால் கல்லீரல் செல்கள் பெருவாரியாக மடிவதில்லை. அதனால்தான் பிலிரூபின் அவ்வளவு ஏறியும், கல்லீரல் என்சைம்கள் ஓரளவுக்குத்தான் கூடியிருக்கும். பிழைத்தவருக்குக் கல்லீரல் பழையபடி ஆகிவிடும். ஏற்கெனவே சிவந்த கண்ணில் மஞ்சளும் ஏறும்போது ஒருவித ஆரஞ்சு நிறம் வரும், பழகிய மருத்துவர் அதைப் பார்த்தே சந்தேகப்படுவார்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் கண் மஞ்சளானால் கீழாநெல்லி தேடிப்போவது வழக்கம். வைரஸால் வரும் சாதாரணக் காமாலையில் பெரும்பாலும் மஞ்சள் தெரியும்போது காய்ச்சல் விட்டிருக்கும். மஞ்சளும் இருக்கிறது, காய்ச்சலும் விடவில்லை, கெண்டைக்காலும் வலிக்கிறது என்றால் அது வேறு கணக்கு. பத்தியச் சாப்பாட்டில் இரண்டு நாள் கழிப்பதற்கு அப்போது நேரமில்லை.

சிறுநீரகத்துக்கு வருவோம். இந்த நோயின் விசித்திரமே இங்கேதான் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டால் சிறுநீர் குறையும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் என்பது பொதுவிதி. எலிக்காய்ச்சலில் பலருக்கு ஆரம்பத்தில் இரண்டும் தலைகீழ். சிறுநீரகக் குழாய்கள் சோடியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் வேலையை நிறுத்திவிடுவதால் அது சிறுநீரோடு ஓடுகிறது, பொட்டாசியமும் கூடவே போகிறது. எனவே நோயாளி நன்றாகச் சிறுநீர் கழித்துக்கொண்டிருப்பார். "மூத்திரம் நல்லாத்தான் போகுது, கிட்னிக்கு ஒண்ணும் இல்ல" என்று வீட்டில் தைரியம் சொல்லிக்கொள்வார்கள். அதே நேரத்தில் ரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும் ஏறிக்கொண்டிருக்கும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும் என்பதால் ஐ.சி.யூ.வில் அதை அளந்து அளந்து நரம்பு வழியே ஏற்றுவார்கள். கிட்னி நோயாளிக்குப் பொட்டாசியம் நிறைந்த இளநீர் கூடாது என்று சொல்லும் அதே மருத்துவமனையில் ஏன் பொட்டாசியம் ஏற்றுகிறார்கள் என்று குழம்பத் தேவையில்லை, காரணம் இதுதான்.

நீர் வற்றி, ரத்த அழுத்தமும் விழுந்தால் சிறுநீர் நின்றுபோகும். பொட்டாசியமும் அப்போது ஏறத் தொடங்கலாம். டயாலிசிஸ் பேச்சு இந்த நேரத்தில் வரும். இதைப் பற்றி பிரேசிலின் சாவோ பாலோ மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது. கடுமையான எலிக்காய்ச்சலோடு வந்த 15 பேருக்கு, அப்போதைய வழக்கப்படி, சற்றுக் காத்திருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் செய்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். பிறகு முறையை மாற்றினார்கள். அடுத்து வந்த 18 பேருக்கு, உள்ளே வந்த சில மணி நேரத்திலேயே தொடங்கி, தினமும் செய்தார்கள். இறந்தது மூன்று பேர். சிறிய ஆய்வுதான், குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டதும் அல்ல. ஆனாலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தள்ளிவிட முடியாது. சீக்கிரம் தொடங்கினால் யூரியா மட்டும் குறைவதில்லை, உடம்பில் தேங்கும் நீரும் வெளியேறுகிறது. அது நுரையீரலுக்கு மிகப் பெரிய உதவி.

"ஒரு தடவை டயாலிசிஸ் போட்டா ஆயுசுக்கும் போடணும்" என்ற பயத்தை நான் எத்தனையோ வீட்டாரிடம் கேட்டிருக்கிறேன். சர்க்கரை நோயால் பல ஆண்டுகளாகக் கெட்டுப்போன சிறுநீரகத்தைப் பார்த்து வந்த பயம் அது. எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் வேலையை நிறுத்தியிருக்கிறதே தவிர அழிந்துவிடவில்லை. பிழைத்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் அது மீண்டும் வேலை செய்யத் தொடங்கும், டயாலிசிஸ் நின்றுவிடும். அதுவரைக்கும் அந்த வேலையை வெளியே இருக்கும் இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான்.

நுரையீரல் மட்டும் இவ்வளவு பொறுமையானது அல்ல. காற்றுப்பைகளைச் சுற்றிய மெல்லிய குழாய்களில் கசிவு வந்தால், காற்று இருக்க வேண்டிய இடத்தில் ரத்தம் போய் நிற்கும். முதலில் வறட்டு இருமல், பிறகு இரண்டு படி ஏறினால் இளைப்பு. எச்சிலில் ரத்தக்கோடு தெரிந்தால் தெரியும், தெரியாமலும் போகலாம். சிலருக்கு மூச்சுக்குழாயில் குழாய் செருகும்போதுதான் உள்ளே எவ்வளவு ரத்தம் என்பது மருத்துவருக்கே தெரியவரும். காலையில் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு மூன்று வெள்ளைத் திட்டு, மாலையில் எடுத்ததில் இரண்டு பக்கமும் வெள்ளை என்று அவ்வளவு வேகமாகப் பரவும். கடுமையான நுரையீரல் ரத்தக்கசிவு வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துவிடுவதாகப் பல நாட்டு அனுபவங்கள் சொல்கின்றன. யாழ்ப்பாணத்தில் மூச்சுத்திணறலோடு போனவர்களின் கதையும் இந்த வழியில்தான் போயிருக்கும்.

வென்டிலேட்டர் இங்கே இரண்டு வேலை செய்கிறது. ஆக்சிஜனை உள்ளே அனுப்புவது ஒன்று. மற்றது, வெளிவிடும் மூச்சின் முடிவிலும் நுரையீரல் முழுதாகச் சுருங்கிவிடாமல் ஓரளவு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது. அந்த அழுத்தம் காற்றுப்பைகளைத் திறந்து வைக்கிறது. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் அதிகக் காற்றைத் திணித்தால் ஏற்கெனவே நைந்த திசு கிழியும். ஆகவே உடல் உயரத்துக்கேற்ற எடையைக் கணக்கிட்டு, கிலோவுக்கு 6 மில்லி அளவில் சிறு சிறு மூச்சாகக் கொடுப்பார்கள். அதுவும் போதாதபோது நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பார்கள். முதுகுப்பக்கத்து நுரையீரலில் ரத்தமும் நீரும் தேங்கியிருக்கும், குப்புறப் படுத்தால் அந்தப் பகுதிக்குக் காற்று போக வழி கிடைக்கும். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்த உறவினர் முகம் தலையணையில் புதைந்து கிடப்பதைக் கண்டு அழுதுவிடுவார். அது கைவிட்டதன் அடையாளம் அல்ல, நான்கைந்து பேர் சேர்ந்து குழாய் ஒன்றும் நழுவாமல் புரட்டிப் படுக்கவைத்த கடினமான சிகிச்சை.

இதற்கும் மேல் எக்மோ இருக்கிறது. ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம். அதில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தேவைப்படும். நுரையீரலில் ரத்தம் ஒழுகும் ஒருவருக்கு அந்த மருந்தைக் கொடுப்பது கயிற்றின் மேல் நடப்பதுதான். இருந்தும் சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில் பயன்படுத்திப் பிழைக்கவைத்திருக்கிறார்கள். எல்லா ஊரிலும் கிடைக்காது, செலவும் மிக அதிகம்.

நீர் எவ்வளவு ஏற்றுவது என்பதுதான் ஐ.சி.யூ. மருத்துவருக்கு இந்த நோயில் இருக்கும் பெரிய தலைவலி. ரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகத்துக்கு நீர் வேண்டும். நீரைக் கொட்டினால் கசியும் குழாய்களின் வழியே அது நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் கொஞ்சம் ஏற்றுவது, பார்ப்பது, மறுபடி கொஞ்சம் என்று போவார்கள். போதாதபோது நார்அட்ரினலின் சொட்டு மருந்தால் அழுத்தத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். இதயத் தசையிலும் அழற்சி வரலாம் என்பதால் துடிப்பின் தாளத்தைத் திரையில் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ரத்தத்தட்டு அணுக்களும் குறையும்.

கிருமியைக் கொல்வதைப் பற்றி இவ்வளவு நேரம் சொல்லவில்லை. அது எளிது என்பதே காரணம். எத்தனையோ கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போன இந்தக் காலத்திலும் லெப்டோஸ்பைரா பழைய பெனிசிலினுக்கே பணிகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 லட்சம் யூனிட் பெனிசிலின், அல்லது நாளுக்கு ஒருமுறை செஃப்ட்ரியாக்சோன், ஏழு நாட்கள். இரண்டும் சமமே என்று தாய்லாந்தில் 173 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2003-ல் காட்டியது. தமிழ்நாட்டில் இதோடு டாக்சிசைக்ளினையும் சேர்த்துக் கொடுப்பதைப் பார்க்கலாம். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலும் இதே மழைக்காலத்தில் ஏறக்குறைய இதே அறிகுறிகளோடு வரும், அதற்குப் பெனிசிலின் வேலை செய்யாது. எது என்று தெரியும்வரை இரண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுப்பது புத்திசாலித்தனம். முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் சிலருக்குக் கடும் நடுக்கமும் காய்ச்சலும் வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். மருந்து ஒவ்வாமை என்று வீட்டார் சண்டைக்கு வருவதுண்டு. கிருமிகள் கூட்டமாகச் செத்து உடையும்போது வெளிவரும் பொருட்களால் நேர்வது அது. கண்காணிப்பில் இருந்தால் கடந்துபோகும்.

நுரையீரல் கசிவுக்கு அதிக அளவு ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பலன் கண்டதாகச் சொல்லும் சிறு ஆய்வுகளும் உண்டு, பலன் இல்லை என்று சொல்லும் ஆய்வும் உண்டு. மருத்துவர் இதில் தயங்கினால் அது அறியாமை அல்ல.

பரிசோதனைக் காகிதத்தைப் பற்றி ஒரு சொல். பரவலாகச் செய்யப்படும் ஐ.ஜி.எம். ரத்தப் பரிசோதனை காய்ச்சலின் முதல் சில நாட்களில் 'இல்லை' என்றுதான் வரும். அந்தக் கட்டத்தில் பி.சி.ஆர். உதவும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. முதல் காகிதத்தில் நெகட்டிவ் என்று இருந்தால் எலிக்காய்ச்சல் இல்லை என்று பொருளாகாது. நல்ல மருத்துவர் சந்தேகம் வந்ததுமே மருந்தைத் தொடங்கிவிடுவார். டெங்குவிலிருந்து பிரித்துப் பார்க்க அவருக்கு வேறு தடயங்கள் உண்டு. டெங்குவில் வெள்ளை அணுக்கள் பொதுவாகக் குறையும், இதில் பெரும்பாலும் கூடும். சதை நைவதைக் காட்டும் சி.பி.கே. என்ற அளவும் இதில் எகிறும்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தடயம் நோயாளியின் வாயில்தான் இருக்கிறது. பத்து நாளைக்கு முன் வயலில் நாற்று நட்டேன், வெள்ளத்தில் இறங்கி வீட்டுச் சாமான் எடுத்தேன், சாக்கடை அடைப்பு எடுத்தேன், மாட்டுக்கொட்டகை கழுவினேன். மருத்துவர் கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லுங்கள். காய்ச்சலோடு மூச்சிளைப்பு, சிறுநீர் குறைவு, கண்ணில் மஞ்சள், எங்கிருந்தாவது ரத்தம், பேச்சில் குழறல் என்று ஏதேனும் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உடம்புவலிக்கு மருந்துக்கடையில் டைக்லோஃபினாக் மாதிரி வலிமாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்தை அது கீழே தள்ளிவிடும். பாராசிட்டமால் போதும்.

வராமல் தடுப்பதற்கு பூட்ஸ், காயத்தை மூடுவது, எலியை ஒழிப்பது எல்லாம் தெரிந்ததே. மழைநீர் நிற்கும் வயலில் பூட்ஸ் போட்டு நடவு செய்ய முடியாது என்பதும் தெரிந்ததே. அதனால் ஆபத்தான பருவத்தில் வாரம் ஒருமுறை 200 மி.கி. டாக்சிசைக்ளின் கொடுக்கும் முறை இருக்கிறது. 1982-ல் பனாமா காட்டில் பயிற்சி எடுத்த 940 அமெரிக்கப் படைவீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் ஒரே ஒருவருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 20 பேருக்கும் நோய் வந்தது. இலங்கையில் நெல் விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் வழியாக இந்த மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்திலும் பெருமளவில் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஏற்றதல்ல, மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

பிழைத்து வீட்டுக்கு வருபவர் முதல் சில வாரங்கள் சோர்ந்துதான் இருப்பார். சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும் நாட்களும் உண்டு, சிறுநீரகம் விழித்துக்கொள்ளும்போது அப்படித்தான். கிரியாட்டினினைச் சொன்ன தேதியில் பார்த்துக்கொண்டால் போதும். இன்னும் ஒன்றை டிஸ்சார்ஜ் அட்டையில் பெரும்பாலும் எழுதுவதில்லை. தென் தமிழ்நாட்டில் வந்த 1993 வெள்ளத்துக்குப் பிறகு, 1994-ல், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணுக்குள் அழற்சியோடு வழக்கத்தைவிட அதிகமானோர் வரத் தொடங்கினார்கள். துருவிப் பார்த்தபோது அது எலிக்காய்ச்சல் அடங்கிய பின் தாமதமாக வந்த விளைவு என்று கண்டுபிடித்தார்கள். காய்ச்சல் விட்டுச் சில மாதங்கள் கழித்துக் கண் சிவந்து, வெளிச்சம் பார்த்தால் கூசி, பார்வை புகைபோல் மங்கினால், அதை மெட்ராஸ் ஐ என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் போய், எனக்கு எலிக்காய்ச்சல் வந்து ஐ.சி.யூ.வில் இருந்தேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, காலத்தோடு போனால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும்.